உப்புத்தாளும் டூ-இன்-ஒன்னும்

7-10-1981
ஆயுத பூஜை. தையல் மெஷின், மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, அவருடைய டூ-இன்-ஒன் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ரேடியோவும் டேப்பும் சேர்ந்த அந்த டூ-இன்-ஒன் அவர் அண்ணன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது. கறுப்பு; முகம் பார்த்துத் தலை வாரலாம். தினமும் ஷூ போடுமுன் அவரே கைக்குட்டையால் துடைப்பார். வேறு யாரும் தொடக் கூடாது. சாயங்காலம் போபாலுக்குக் கிளம்பினார். பத்து நாள் டூர்.

9-10
போச்சு.
குங்குமம் காய்ந்து ஒட்டிக்கொண்டது. துணியால் துடைத்தால் போகவில்லை. வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் தேய்த்துப் பழகிய கை — அதே விபூதியைப் போட்டுத் தேய்த்துவிட்டேன். பொட்டு போனது. கூடவே பளபளப்பும். மேல்பக்கம் நட்டநடுவில் வடை அகலத்துக்குச் சாம்பல் வட்டம்.
போன வருஷம் மிக்ஸி கருகினபோது நாலு பேர் முன்னால் சொன்னார்: "மெஷினுக்கும் உனக்கும் ஆகாது, லீலா." அதை இன்னொரு தரம் கேட்கணுமா நான்? மாட்டேன்.

10-10
பற்பசை போட்டுப் பார்த்தேன். வட்டம் பெரிதானதுதான் மிச்சம்.

11-10
வட்டமாக இருப்பதால்தானே அசிங்கம்? மொத்தமும் மங்கலாகவே இருந்துவிட்டால்? பக்கத்து வீட்டு மிஸஸ் அரோராவின் ஸ்டீரியோ முகப்பு அலுமினியம். அதில் மெல்லிய நேர்கோடுகள், பளபளப்பே இல்லாமல் என்ன கம்பீரம்!
எங்கள் சரோஜினி நகர் பெயிண்ட் கடைக்குப் போனேன். உப்புத்தாளுக்கு இந்தியில் என்ன? உப்புக்கு நமக், தாளுக்குக் காகஸ். "பையா, நமக் கா காகஸ் தேனா" என்றேன். அவர் எதிரே இருந்த மளிகைக் கடையைக் காட்டினார். மேஜையில் விரலால் பரபரவென்று தேய்த்துக் காட்டினேன். "அரே, ரேக்மால்!" என்று அவர் சிரித்த சிரிப்பில் கடையே சிரித்தது. நானும்தான். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற நைஸ் ரகமாகக் கொடுத்தார். டெல்லிக்கு வந்து பதினாலு வருஷம். உப்புத்தாளுக்கு உப்பு போடாத வார்த்தை இன்றுதான் கிடைத்தது.

12-10
சோப்பு டப்பா மூடிகளில் ஒத்திகை. வட்டமாகத் தேய்த்தால் வெறும் கீறல். நனைத்த தாளைக் கட்டைத் துண்டில் சுற்றி, ஸ்கேலை ஒட்டி, ஒரே திசையில், நடுவில் நிறுத்தாமல் இழுத்தால் — அதேதான்! அரோரா வீட்டு முகப்பேதான்!

14-10
செய்துவிட்டேன்.
குமிழ்களைக் கழற்றி, டயல் கண்ணாடிக்கும் எழுத்துகளுக்கும் டேப் ஒட்டி, இடமிருந்து வலம். காலை பத்து மணியிலிருந்து மூன்று வரை. ஸ்கேலை இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு முதல் இழுப்பு இழுத்தேன். அதற்கப்புறம் பழைய பளபளப்பு வரவே வராது. கடைசியில் துளி தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். கறுப்பு எழுந்து நின்றது. போட்டுப் பார்த்தேன், பாடுகிறது. என் கைக்கு நானே திருஷ்டி சுற்றிப் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

17-10
வந்துவிட்டார். கைக்குட்டையோடு போனவர் அப்படியே நின்றார். "என்ன பண்ணி வச்சிருக்கே?"
விபூதி முதல் ரேக்மால் வரை ஒன்று விடாமல் சொன்னேன். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு குளிக்கப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

20-10
 முன்பெல்லாம் சுற்றிச் சுற்றித் துடைப்பவர், இன்று என் கோடுகளின் போக்கிலேயே இடமிருந்து வலமாகத் துடைக்கிறார். கதவிடுக்கில் பார்த்துவிட்டேன்!

25-10
மிஸஸ் அரோரா வந்தாள். டூ-இன்-ஒன்னைத் தடவிப் பார்த்து, "கௌன் ஸா மாடல் ஹை, பாயிசாப்?" என்றாள். இவர் கூசாமல், "ஜப்பான் கா நயா மாடல்" என்றார்.
ஜப்பானின் புது மாடலாம்! எனக்கு வந்ததே கோபம்! "மேட் இன் சரோஜினி நகர்!" என்று சமையலறையிலிருந்தே கத்தினேன். கையில் கரண்டி வேறு. அவருக்குக் காது சிவந்துவிட்டது. டூ-இன்-ஒன்னை மெல்ல அவள் பக்கம் திருப்பிவிட்டுச் சொன்னார்: "இவ பண்ணினது. லீலா நே கியா."
அரை மணியில் தன் வீட்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள் மிஸஸ் அரோரா.

26-10-1982
ஆயுத பூஜை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவரே எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்திருந்தார். டூ-இன்-ஒன்னுக்குப் பொட்டில்லை. விபூதிச் சம்புடம் எனக்கு எட்டாத மேல் அலமாரியில்! எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தாம்பாளம். அதில் என் கட்டைத் துண்டு, தேய்ந்துபோன ரேக்மால் சுற்றியபடி. அதற்கு இத்தனை பெரிய குங்குமப் பொட்டு.
"இது எதுக்குங்க?"
"உன் ஆயுதம்தானே, லீலா."
அந்தப் பொட்டு காயட்டும். நான் துடைக்கப் போவதில்லை.