வேழத்தேரி மதகும் பிரிக்காத பட்டும்

மங்கலம் பெருகுக. மழை பொய்யாது பெய்க. பெய்த மழை கரை மீறாது நிற்க. ஏழு ஆறு பாயும் மருதவேலி நாட்டின் மணிமுடி தாங்கி, வாரிக்கோட்டை அரியணையில் வீற்றிருந்து, குடிகளின் குறையைத் தம் குறையெனக் கேட்டருளும் பெருந்தேவி அல்லியங்கோதையார் திருமுன்னர், செங்கால் நாட்டுப் பேரமைச்சனும், ஏழு வயதே நிரம்பிய எம் அரசர் வளர்ந்து ஆளும்வரை அரச முத்திரை தாங்குபவனுமாகிய அருவந்தை கொற்றன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் உழவரும் கன்று காலிகளும் அவையோரும் நலமே வாழ்க. இவ்விடத்து நலத்தையும் எழுதுவது முறை. எழுதத்தக்க நலம் ஏதும் இல்லாமையால் அவ்வரி விடப்பட்டது.

குற்றத்தை ஒப்புகிறவன் தன்னை "நான்" என்று எழுதலாகாது, பிறனைப்போல் விலகி நின்றே எழுதவேண்டும் என்பது எம் நாட்டு ஓலை மரபு. ஆகவே இனிக் கொற்றன் என்று வருமிடமெல்லாம் இதை எழுதுகிறவனே என்று கொண்டருள்க. இம்மரபை யார் ஏற்படுத்தினாரோ தெரியவில்லை. கை கூசும் வேளையில் பெரிய உதவியாக இருக்கிறது.

தாங்கள் அன்புடன் விடுத்த ஓலையும், பொன் முகபடாம் அணிந்த யானையும் இந்த வளர்பிறை ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தன. எம் பேரோலைச்சாலையில் பயின்ற பூங்கணி, சாத்தந்தை, வேட்டன் என்னும் மூவரும் தங்கள் அவைக்கு வந்து ஏரி காக்கும் நெறி ஒன்றை முன்வைத்ததையும், அதைத் தாங்கள் ஒரு முற்பகலில் முழுதும் வாசித்ததையும், மறுநாளே சட்டமாக்கியதையும், ஐப்பசிப் பெருமழையில் தங்கள் நாட்டு ஏரி பதினொன்றும் அதனால் நின்றதையும் அவ்வோலை உரைத்தது. இத்தகைய மாணாக்கரை வளர்த்த அமைச்சருக்கு இந்த யானை என்றும் எழுதியிருந்தீர்கள். எம் அவையினர் ஆர்ப்பரித்தனர். கொற்றனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. யானை, இவ்வோலை கொணரும் தூதனோடு, முகபடாம் கழற்றப்படாமல் திரும்பி வருகிறது.

காரணம் கேட்டருள்க. பேரோலைச்சாலையில் கல்வி முடிக்கும் மாணாக்கர், மூவர் மூவராகப் பிரிந்து ஓராண்டு நாட்டுக்குள் சென்று, குடிகளை வருத்தும் ஒரு குறையை ஆராய்ந்து, அதற்குத் தீர்வும் எழுதி அவையில் வைக்கவேண்டும் என்பது எம் முன்னோர் விதித்த நல்ல வழக்கம். அந்த ஏட்டை அவை மலர் தூவி ஏற்கும். பேரமைச்சன் தன் கையால் அதை மஞ்சள் தோய்ந்த பட்டில் சுற்றி முடிச்சிடுவான். அரசு மரியாதையாகக் கட்டிய பட்டைப் பிரிப்பது அமங்கலம் என்றொரு நம்பிக்கை பிற்காலத்தில் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. எனவே பட்டுக் கட்டிய ஏடு அப்படியே சந்தனப் பேழைக்குப் போகும். தை மாதந்தோறும் அதற்குச் சாம்பிராணிப் புகையும் காட்டப்படும். அமைச்சு ஏற்ற இருபத்தாறு ஆண்டுகளில் கொற்றன் கட்டிய பட்டுகள் நாற்பத்தொன்று. வாசித்த ஏடு ஒன்றும் இல்லை. இதை எவரும் ஒளித்துச் செய்யவில்லை, பெருமிதத்தோடு செய்தார்கள் என்பதுதான் வெட்கக்கேடு.

பூங்கணி குயவர் குடியில் பிறந்த பெண். பேசும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறவள். அவளும் மற்ற இருவரும் எம் நாட்டின் பேரேரியாகிய வேழத்தேரியின் கரையில் பதினொரு மாதம் குடியிருந்தார்கள். மதகுக்கல்லில் நீர் மீறலாகாத மட்டத்தில் செங்காவியால் கோடு கிழித்து, நாள்தோறும் நீர்மட்டம் குறித்தார்கள். அம்மதகை முப்பது ஆண்டு காத்த வில்லான் என்பவனிடம் மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். பின் அவைக்கு வந்தார்கள். கொற்றன் பட்டை எடுத்தபோது, ஐயா, பட்டு எங்களுக்கு வேண்டாம், அவையில் யாரேனும் ஒருவர் இதை வாசித்தால் போதும் என்று அவள் வேண்டினாள். கொற்றன் இதை இளம்பெண்ணின் அடக்கம் என்று எண்ணி மகிழ்ந்து, சிறப்புச் செய்வதாக நினைத்து, முதல் முடிச்சின்மேல் இரண்டாம் முடிச்சும் போட்டான். அவை சிரித்துக் கைதட்டியது. அவள் சிரிக்கவில்லை. மறுமாதம் மூவரும் நாட்டு எல்லை கடந்து தங்களிடம் வந்தார்கள்.

ஐப்பசியில் மழை இரு நாடுகளுக்கும் ஒன்றாகவே பெய்தது. வேழத்தேரி நீர் செங்காவிக் கோட்டைத் தொட்டதும் வில்லான் ஆள் அனுப்பினான். எம் சட்டப்படி அரச முத்திரை பதித்த ஓலை வராமல் மதகைத் திறப்பவன் நாட்டுக்குப் பகைவன். ஓடிவந்தவன் தலைநகர் சேர ஒன்றரை நாள் ஆனது. திறந்தால் கீழைவயல்களில் கதிர் முற்றும் நெல் அழுகுமே என்று அவை அரை நாள் வழக்காடியது. அப்போது கொற்றனும் நிறையப் பேசினான்; நன்றாகவே பேசினான். முத்திரையோடு குதிரை புறப்பட்ட நேரத்தில் கீழ்க்கோடிக் கரை உடைந்து, நண்டலூர் என்னும் ஊர் முழுதும் போயிற்று. இறந்தவர் பத்தொன்பது பேர்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். ஊர் கொதித்தது, அவைக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது. காவலிருந்தும் கரையைக் காக்கவில்லை என்று வில்லானைப் பிணித்து வந்தார்கள். நீர் ஏறுவதைக் கண்டும் ஏன் திறக்கவில்லை என்று கொற்றன் கேட்டான். முத்திரையில்லாமல் திறந்திருந்தால், ஏன் திறந்தாய் என்று இதே கொற்றன்தான் கேட்டிருப்பான். வில்லான் சொன்ன மறுமொழியை இங்கே திருத்தாமல் தருவது கடன். "அந்தப் புள்ளைங்க வந்து எல்லாத்தையும் எழுதிக்கிட்டுப் போனாங்க சாமி. அரமனையில படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். படிச்சும் நீங்களா எதுவும் சொல்லலைன்னா, நமக்குத் தெரியாத காரணம் ஏதோ இருக்கும்னு காத்துக்கெடந்தேன்" என்றான்.

இது தப்பிக்கச் சொல்லும் கதை என்று கொற்றன் முடிவு செய்தான். மதகைத் திறவாத வலக்கையை வரும் முழுநிலவு நாளில் வெட்டுக என்று தீர்ப்பெழுதி, அரச முத்திரையும் இட்டான். முத்திரை காய்ந்த பிறகு, அவன் பொய்யை ஊரறியக் காட்டுவோம் என்ற வீறாப்பில், பேழையைத் திறந்து அந்த ஏட்டைக் கொண்டுவரச் சொன்னான்.

இரட்டை முடிச்சு அவிழவில்லை, அரிவாள்மணையில்தான் அறுத்தார்கள். அவை ஓலைகளுக்குப் பொறுப்பான ஓலைநாயகம் எழுந்து நின்று உரக்க வாசித்தான். கரை உடையக்கூடிய இடம் கீழ்க்கோடி, அங்கே நண்டு வளை மிகுதி என்று எழுதியிருந்தது. உடைந்தால் போகும் ஊர் நண்டலூர், அதில் வீடுகள் முப்பத்தாறு என்று எழுதியிருந்தது. தலைநகர்க்கு ஆள் வந்து முத்திரை திரும்ப மூன்று நாள் ஆகும், நீர் அவ்வளவு நாள் காத்திராது, ஆகவே செங்காவிக் கோட்டைத் தொட்டதும் திறக்கும் உரிமையை மதகுக்காவலனுக்கே தருக என்று எழுதியிருந்தது. இவற்றைச் சொன்னவன் வில்லான், அவன் சொல்லைப் பதினொரு மாதம் அளந்து பார்த்தோம், ஒன்றும் பிழையாகவில்லை என்று கடைசி ஏட்டில் மூவரும் ஒப்பமிட்டிருந்தார்கள். ஓலைநாயகம் வாசித்து முடிக்கும்போது அவையில் ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை. கொற்றன் தன் கைகளை மேலாடைக்குள் மறைத்துக்கொண்டிருந்தான்.

அன்று பேழையைத் துழாவியபோது அடியில் மங்கிய பட்டு ஒன்றும் கிடைத்தது. அது கொற்றன் இருபது வயதில், மாணாக்கனாக, உப்பளத்தாரின் குடிநீர்க் குறைபற்றி எழுதிய ஏடு. அறிவிற் பெரியோர் அதை வாசித்து, ஆராய்ந்து, தகாதென்று விலக்கினார்கள் என்றே நாற்பத்திரண்டு ஆண்டு நம்பியிருந்தான். அதன் முடிச்சும் பிரிக்கப்படவில்லை. உப்பளத்தார் இன்றும் நீருக்கு இரு காதம் நடக்கிறார்கள்.

இனி வேண்டுகோள். இலஞ்சத்துக்கு அஞ்சி எம் முன்னோர் செய்த சட்டம் ஒன்று உண்டு. முத்திரை தாங்குவோன் இட்ட தீர்ப்பை அவனே மாற்றலாகாது. அவனுக்குக் கீழ்ப்பட்ட எவரும் மாற்றலாகாது. அரசர் சிறுவராயின், அண்டை நாட்டு அவை ஒன்றே மாற்றலாம். அந்த அண்டை நாடு தங்களுடையது. தங்கள் யானையை ஏற்றுக்கொண்டு வாய்மூடி இருந்துவிடலாம் என்று கொற்றன் ஓர் இரவும் ஒரு பகலும் எண்ணியதை மறைப்பதற்கில்லை. தங்கள் கண்ணில் பெரியவனாக நிற்கும் ஆசை அவ்வளவு இருந்தது. ஆனால் இங்கே சிறையில் ஒரு கை வெட்டுப்படக் காத்திருக்கிறது. ஆகவே தங்கள் அவை கூடி, வில்லான் குற்றமற்றவன் என்று தீர்த்து, முழுநிலவுக்கு முன் ஓலை விடுத்தருள வேண்டும். அதே அவையில் கொற்றனின் குற்றத்தையும் விசாரிக்க வேண்டும். முதுமையையோ பட்டத்தையோ பார்க்க வேண்டியதில்லை. பூங்கணியும் மற்ற இருவரும் சான்று கூற விரும்பினால் கூறட்டும். இங்கே திரும்பி வரும்படி அவர்களை வற்புறுத்த வேண்டா. அழைக்கும் தகுதி இந்த நாட்டுக்கு இப்போது இல்லை.

இவ்வோலை எழுதத் தொடங்குமுன் கொற்றன் சிறைக்குச் சென்று, அந்த ஏட்டை எவரும் வாசிக்காதிருந்த செய்தியை வில்லானிடம் தானே சொன்னான். மன்னிப்பும் கேட்டான். அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. உடைப்பை அடைத்தாயிற்றா என்று கேட்டான். அடைத்தாயிற்று, ஏரியில் நீர் மறுபடி ஏறுகிறது என்று கொற்றன் சொன்னான். வில்லான் சட்டென்று எழுந்து நின்றான். "அப்ப மதகுல இப்ப யாரு சாமி இருக்கா?" என்றான்.

யாரும் இல்லை. அவனைப் பிணித்து வந்த நாள் முதல் அங்கே ஒருவரை வைக்க வேண்டுமென்று அமைச்சனுக்கோ அவைக்கோ தோன்றவே இல்லை. இதைக் கொற்றன் அவனிடம் சொல்லவும் நேர்ந்தது.

சிறையிலிருந்து திரும்பிய நாழிகையிலேயே கொற்றன் கடைசியாக முத்திரையிட்டு விடுத்த ஆணை இது: வேழத்தேரி மதகுக்கு வில்லானின் மகள் காவலாக அமர்க, நீர் செங்காவிக் கோட்டைத் தொட்டதும், எவர் ஓலைக்கும் முத்திரைக்கும் காத்திராமல் திறக்க. குதிரைகள் போய்விட்டன. ஆயினும் அந்த ஏரியின் போக்கை முழுதும் அறிந்தவன் ஒருவனே. அவன் சிறையில் இருக்கிறான். கார்த்திகை அடைமழைக்குப் பன்னிரண்டு நாள் இருப்பதாக அவனே கணித்துச் சொல்கிறான். முழுநிலவுக்கு ஒன்பது நாள். தூதனுக்கு வழியில் இரண்டு நாள் போகும், மீள இரண்டு நாள் ஆகும்.

குற்றம் சாட்டப்பட்டவன் அரச முத்திரையைத் தொடலாகாது; கொற்றன் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டதால் இவ்வோலையில் அது இல்லை; கொற்றனின் வலக்கை விரல்கள் ஐந்தும் மையில் தோய்த்து ஒற்றப்பட்டுள்ளன. செங்கோல் வாழ்க. தூதனை உண்ணச் சொல்லுமுன் வாசித்தருள்க.