தாடையில் கட்டிய துணி

நெய்வேலி,
18-2-84

அன்பு மகள் சந்திரகலாவுக்கு அம்மா இசக்கியம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. கோமதியம்மன் கண் திறந்து பார்த்ததால் நானும் உன் அண்ணன் பரமசிவமும் மதினி சுப்புலட்சுமியும் பிள்ளைகளும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம், பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அப்படியே இருக்க வேண்டும். முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மகள் பேச்சி கடலூரில் ஓட்டப்பந்தயத்தில் முதலாக வந்து கோப்பை வாங்கியிருக்கிறாள், பண்ருட்டிப் பிள்ளை ஒருத்தி முட்டியை இடித்தும் கீழே விழுந்து எழுந்து ஓடி ஜெயித்தாள், ரத்தம் ஒழுகிய காலோடு கோப்பையைத் தூக்கிக்கொண்டு பிளாக் முழுக்கச் சுற்றி வந்தாள். சின்னவன் முத்து பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்கிறான், வாத்தியாருக்கே மூச்சு வாங்குகிறதாம். நம் குமரேசன் இந்தியில் முதல் மார்க் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தப் பாஷையில் ஒரு எழுத்துத் தெரியாவிட்டாலும் எதிர் பிளாக் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஐந்தாவதோடு நிறுத்தினார்கள் என்னை, என் பேரப்பிள்ளைகளை யாரால் நிறுத்த முடியும்.

இதெல்லாம் எழுதிவிட்டு நீ கடைசியில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாயே, காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது, காது வரைக்கும் குத்துகிறது, தூக்கத்தில் பல்லைக் கடித்து உறக்கத்தைக் கெடுக்கிறேன் என்று அவர் திட்டுகிறார், ஏதாவது எண்ணெய் சொல்லம்மா என்று, அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏட்டி கலா, இதற்கு எண்ணெய் கிடையாது. இந்த வீட்டிலும் ஒருத்தன் பல்லைக் கடித்தான், அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை உனக்கு எழுதாமல் மறைத்தோம். இப்போது எழுதுகிறேன், கடைசி வரைக்கும் படி, பாதியில் மடித்து வைக்காதே.

ஐப்பசியில் நடந்தது இது. சிங்காரவேல் என்று ஒரு மேஸ்திரி, ஒரு கான்ட்ராக்டரிடம் ஆள் மேய்க்கிறவன். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கொளஞ்சிநாதன் அவனிடம் மண் அள்ளுகிற ஆள். வெயிலில் தலை சுற்றுகிறது என்று கொளஞ்சி சற்று உட்கார்ந்ததற்கு சிங்காரவேல் இரும்புக் கம்பியை எடுத்து முதுகில் வாங்கு வாங்கு என்று வாங்கியிருக்கிறான். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து அந்த வழியாக வந்த உன் அண்ணன் கம்பியைப் பிடுங்கித் தூர எறிந்தான். அவ்வளவுதான் அவன் செய்தது. மறுநாள் சுரங்கத்துக் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நாலு பேர் இவன் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொள்ள சிங்காரவேல் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி வாயிலேயே அடித்திருக்கிறான், பெர்மனென்ட்டு தொரைக்கு கான்ட்ராக்ட்டு ஆளு மேல இன்னாடா கரிசனம், தொறடா வாய, தொறடா என்று கேட்டுக் கேட்டு அடித்தானாம். இவன் வாயைத் திறக்கவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். உதடு கிழிந்து வீட்டுக்கு வந்தவன் சைக்கிளில் விழுந்துவிட்டேன் என்றான். சேதி அவனுக்கு முன்னாலேயே பிளாக்குக்கு வந்துவிட்டது. போலீசில் எழுதிக் கொடுலே என்றேன். செருப்படி பட்டேன்னு நானே போய் எழுதிக் குடுக்கவா, நான் பாத்துக்கிடுதேன் என்றான். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. உன் அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த அரிவாளைத் தீட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

பேசாதவன் ராத்திரியில் பல்லால் பேசினான். அம்மியில் கல் உப்பை நுணுக்குகிற மாதிரி சத்தம், அடுத்த அறையில் எனக்குக் கேட்கும். நான் வயிற்றில் பூச்சி என்று நினைத்து வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்து விளக்கெண்ணெயும் ஊற்றினேன், பாவம் வயிறு போனதுதான் மிச்சம், பல் கடிப்பது நிற்கவில்லை. ஒருநாள் காலையில் கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்து துண்டைத் துப்பினான். பகலில் கோபமெல்லாம் வீட்டுக்குள் இறங்கியது. சோற்றுத் தட்டு சுவரில் பறந்தது, மதினி வாயைத் திறந்தால் எரிந்து விழுந்தான், ஏதோ நினைத்துச் சிரித்த பேச்சியைக் கன்னத்தில் அறைந்துவிட்டான், பிள்ளையின் காதுத் தோடு எகிறி விழுந்தது. நான் அடுப்பில் லெக்கோ நிலக்கரி போடுகிற இடுக்கியை எடுத்து அவன் முதுகில் ஒன்று இழுத்தேன். உன்னை அடித்தவன் வெளியில் மீசை முறுக்கிக்கொண்டு திரிகிறான், நீ அடிக்க இந்தப் பச்சைப் பிள்ளைதான் கிடைத்தாளா என்று கேட்டேன். வெளியில் வாங்கினதை வீட்டுப் பொம்பளை மேல் இறக்குகிறவன் என் வயிற்றில் பிறந்தவனாக இருந்தாலும் எனக்கு ஆம்பளை இல்லை. இந்த ஒரு வரியை மட்டும் நீ இரண்டு தடவை படி.

பல் டாக்டர் பிளந்த பல்லைப் பிடுங்கிவிட்டு, கோளாறு பல்லில் இல்லை, தாடையைத் தளர்த்தக் கற்றுக்கொள், இல்லாவிட்டால் வரிசையாக எல்லாம் உடையும் என்று சொல்லி அனுப்பினார். மனமகிழ் மன்றத்தில் யோகா சொல்லிக் கொடுக்கிறவன் சிவப்பிரகாசம், டைம் ஆபீஸ் கிளார்க், வடலூர்ப் பையன், வாய் ஓயாதவன். உன் அண்ணன் போக மாட்டேன் என்றான், நீ போகாவிட்டால் அரிவாளைக் கிணற்றில் போட்டுவிட்டு நானும் அதோடு குதிக்கிறேன் என்று சொல்லித்தான் அனுப்பினேன். அங்கே சிங்கம் மாதிரி கண்ணை உருட்டி, நாக்கை மோவாய் வரைக்கும் நீட்டி, ஆ என்று கர்ஜிக்கச் சொல்கிறார்களாம். பக்கத்தில் கேரம் ஆடுகிறவர்கள் காயை விட்டுவிட்டுச் சிரிக்கிறார்களாம். சிவப்பிரகாசம் இவனைப் பார்த்து, அண்ணே, பூனகூட உங்களவிட நல்லா கத்தும், தாடையில பூட்டா போட்டுக்கினு வந்தீங்க என்று கேலி செய்தானாம். வீட்டில் செய்ய வேண்டியதையும் சொல்லி அனுப்பினான், உப்பை வறுத்துத் துணியில் முடிந்து இரண்டு தாடைக்கும் ஒத்தடம் வைத்துத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சவாசனத்தில் மல்லாந்து கிடந்து, காலிலிருந்து ஒவ்வொரு இடமாக இறுக்கி இறுக்கி விட வேண்டுமாம்.

அங்கேதான் வினை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மதினி பிள்ளைகளோடு ஸ்டோருக்குப் போயிருந்தாள், நான் பின்னால் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இவன் முன்னறையில் வெள்ளை வேட்டித் துணியால் தாடையைக் கட்டி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டு, நீட்டி நிமிர்ந்து, கையை விரித்துக் கண்ணை மூடிக் கிடந்திருக்கிறான். ஃபேன் காற்றுக்காகத் தலையைத் தெற்கே வைத்திருக்கிறான் பாவி. முறத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த எதிர்வீட்டுச் சாமியம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். தெற்கே தலை, கட்டின தாடை, வேறு என்ன நினைப்பாள். ஐயய்யோ புள்ள பூட்டானே, அடிச்சே கொன்னுபுட்டானுங்களே, தாடயக் கட்டிப் போட்டுக்கினு ஊட்ல ஒரு நாதி இல்லையே என்று மாரில் அறைந்துகொண்டு தெருவில் ஓடினாள். இவன் எழுந்து உட்கார்ந்து என்னம்மா சத்தம் என்று கேட்பதற்குள் அழுகை மூன்று பிளாக் தாண்டிவிட்டது. வீட்டுக்குள் வந்த பெண்கள் பிணம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். நான் சிரித்தேன் கலா. சிரித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு ராயப்பன் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, பரமசிவம் செத்துட்டார்னு கேள்விப்பட்டுக் கொளஞ்சி ஆளுங்க சிங்காரவேலை டீக்கடையில் வைத்து அடிக்கிறாங்க, உயிர் தங்காது என்று சொன்னார்.

உன் அண்ணன் கட்டிலுக்கு அடியில் கையை விட்டான், அரிவாளை எடுத்தான், சைக்கிளில் ஏறினான். தாடைக் கட்டைக்கூட அவிழ்க்கவில்லை. நான் ராயப்பன் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு பின்னாலேயே போனேன், ஸ்கூட்டரில் நான் முதன்முதலாக ஏறியது அன்றைக்குத்தான், பயப்பட நேரமில்லை. என் பிள்ளை கொலைகாரனாகப் போகிறான், பேச்சிக்கும் முத்துவுக்கும் அப்பன் ஜெயிலில்தான் என்று அடிவயிற்றில் அடித்துக்கொண்டே போனேன்.

அங்கே நான் பார்த்ததை எழுதாமல் விட மாட்டேன். பெஞ்சு கவிழ்ந்து கிடக்கிறது, பாய்லர் உருண்டு கொதிதண்ணீர் மண்ணில் ஓடுகிறது, சிங்காரவேலை நடுவில் போட்டுக் காலாலும் கட்டையாலும் மிதிக்கிறார்கள். முகம் முகமாக இல்லை. பல் மண்ணில் சிதறிக் கிடக்கிறது, கீழ்த்தாடை ஒரு பக்கமாக இறங்கித் தொங்குகிறது, கத்துவதற்கு வாய் கூடவில்லை. கொளஞ்சி அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி அடுத்த அடிக்குக் கட்டையை ஓங்கினவன், வெள்ளைத் துணியைத் தாடையில் கட்டிக்கொண்டு அரிவாளோடு வருகிற இவனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். கூட்டம் பின்னால் சரிந்தது. சிங்காரவேல் பார்த்த பார்வை இருக்கிறதே, செத்தவனே வந்துவிட்டான் என்று மண்ணிலேயே மூத்திரம் போய்விட்டான். கொளஞ்சிக்கு முதலில் தெளிந்தது, அண்ணே, உயிரோட கீறியா, நல்லதாப் போச்சு, வா, உன் கையாலயே போட்டுடு, நாங்க புடிச்சுக்கினு கீறோம் என்றான்.

உன் அண்ணன் குனிந்தான். முன்பு இவன் கையை நாலு பேர் பிடித்திருந்தார்கள், இப்போது அவன் கையை நாலு பேர் பிடித்திருக்கிறார்கள், அதே கடை. இவன் தாடை துணிக்குள்ளே கல்லு மாதிரி இறுகியதை நான் பார்த்தேன். அப்புறம் மூச்சை இழுத்தான், விட்டான், நெடுநேரம் விட்டான். உச்சந்தலை முடிச்சை அவிழ்க்க இரண்டு கையும் வேண்டும் அல்லவா, திரும்பி, இதப் பிடிம்மா என்று அரிவாளை என்னிடம் கொடுத்தான். துணியை உருவி உப்பைக் கீழே கொட்டிவிட்டு, சிங்காரவேலின் தொங்கின தாடையைத் தூக்கி நிறுத்தி, கீழிருந்து மேலே இறுக்கிக் கட்டினான். அவன் வலியில் துடித்தான். அசையாதலே, பேசாதே, ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் வாய மூடிட்டுக் கிட என்றான். கோமதியம்மன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அரிவாள் என் கையில் இருந்தது, எனக்கு அவனை ஒரு வெட்டு வெட்ட வேண்டும் என்று கை பறந்தது. என் பிள்ளை செய்ததைப் பார்த்த பிறகு வெட்கமாகப் போய்ப் புடவைக்குள் மறைத்தேன்.

சிங்காரவேல் பிழைத்துக்கொண்டான், தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்களாம், கஞ்சிதான். கொளஞ்சியையும் இன்னும் இரண்டு பேரையும் பிடித்துப் போனார்கள், உன் அண்ணன்தான் ஜாமீனுக்கு ஆள் பார்த்து வெளியில் கொண்டுவந்தான். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் இதெல்லாம் எதில் ஆரம்பித்தது என்று கேட்டபோது, கூட்டம் நிறைந்த இடத்தில் எல்லாரும் கேட்க, என்னைச் செருப்பால் வாயில் அடிச்சான்யா என்று உன் அண்ணன் சத்தமாகச் சொன்னான். வெளியில் வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதான். அன்று ராத்திரி பல் சத்தம் இல்லை, குறட்டைதான், மதினி காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். இப்போதும் சில நாள் கடிக்கிறான், இல்லை என்று சொல்ல மாட்டேன். எழுப்பினால் சிங்கம் மாதிரி நாக்கை நீட்டிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்கிறான். பேச்சியிடம் மன்னிப்புக் கேட்டான், அவள் தான் ஜெயித்த கோப்பையிலேயே பால் ஊற்றி அவனுக்குக் கொடுத்தாள்.

இப்போது உனக்குச் சொல்கிறேன். பகலில் அடுப்படியில் நிற்கும்போது உதடு மூடியிருக்கட்டும், பல்லோடு பல் படக் கூடாது, நாக்கு நுனி மேல் பல்லுக்குப் பின்னால் சும்மா சாய்ந்திருக்கட்டும். தோளைக் காது வரைக்கும் தூக்கித் தொப்பென்று விடு. படுக்கும் முன் உப்பு ஒத்தடம் வை, மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும், காலிலிருந்து நெற்றி வரைக்கும் இறுக்கித் தளர்த்து. சாயந்திரத்துக்கு மேல் காப்பி வேண்டாம். வேலைக் களைப்பால் வந்த கடி என்றால் இதிலேயே போய்விடும், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் கோமதியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்திருக்கிறேன். ஆனால் சொல்ல முடியாத ஒன்றைப் பகலெல்லாம் வாய்க்குள் அடக்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் மெல்லுகிறாய் என்றால், எந்த ஆசனமும் பாதிதான் கேட்கும், மீதியை வாயைத் திறந்து யாரிடமாவது சொல்ல வேண்டும். என்னிடம் சொல். அங்கே பிளான்ட்டில் மாப்பிள்ளைக்கு மேலதிகாரியோடு சண்டை என்று எழுதியிருந்தாய், அந்தச் சண்டை வீட்டுக்குள் வருகிறதா என்று மட்டும் எழுது. இந்தக் கடிதத்தை அவர் படித்தாலும் படிக்கட்டும், மாமியார் மரியாதையோடுதான் கேட்கிறேன்.

குமரேசனுக்கு என் முத்தம். நீ தீர்க்க சுமங்கலியாக இரு, அதற்கு முன்னால் நீ நீயாக இரு. வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. கடைசியாக ஒன்று, தீபாவளிக்கு நீ அனுப்பிய போட்டோவில் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு முந்தானையைக் கன்னத்து மேல் இழுத்துவிட்டு நிற்கிறாய், அந்த ஊர் வழக்கம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். புதுசாக ஒன்று எடுத்து அனுப்பு. ஸ்டுடியோவுக்குப் போய், முந்தானையைத் தோளில் போட்டு, இரண்டு கன்னமும் நேராகத் தெரிகிற மாதிரி நில். பங்குனி பிறப்பதற்குள் தபாலில் வர வேண்டும். வராவிட்டால் நானும் உன் அண்ணனும் ரயில் ஏறி வருவோம், அந்தத் தடவை முறுக்கும் அதிரசமும் சுட்டு எடுத்துக்கொண்டு வர மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
வெ. இசக்கியம்மாள்