கிளட்ச் வைத்த ஸ்டீயரிங்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே அனல். எடைமேடை அறையில் ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் இல்லை. ஜன்னலுக்கு வெளியே உப்பளம் முழுக்க வெள்ளை. பார்த்தால் கண் கூசுகிறது.

அந்த லாரி இன்றும் லோடு ஏற்றி வந்தது. முன்பக்கத்தை முழுசாக மாற்றி நீல பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஓட்டுவது யாரோ திண்டிவனத்து ஆள். நம்பர் மட்டும் பழைய நம்பர். எடைச்சீட்டுக்கு அதை டைப் செய்யும்போது ஒவ்வொரு தடவையும் விரல் தடுமாறுகிறது. இவர், என் வீட்டுக்காரர், ஓட்டிய வண்டி. போன வருஷம் தை மாசம் கிளீனர் அந்தோணி அண்ணன் இறந்தது அதில்தான். அது தினமும் என் முன்னால் வந்து எடை போட்டுக்கொண்டு போவது இவருக்குத் தெரியாது. சொல்லவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இவர் பின்பக்கம் வேப்ப மரத்தடியில். கையில் போன். போனுக்குள் ஒரு லாரி. ஒரு வருஷமாக எந்த வண்டியின் ஸ்டீயரிங்கையும் தொடாத மனுஷன், ஷேர் ஆட்டோவில்கூட முன் சீட்டில் உட்காராதவர், கட்டை விரலால் லாரி ஓட்டுகிறார். இடது கால் தரையில் அழுந்துகிறது, எழுகிறது, அழுந்துகிறது.

“இன்னாங்க இது?”

“சும்மா.”

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே: “இதுல கிளட்ச் இல்ல புவனா.”

கேட்காமல் அவர் பேசி எத்தனை நாள் ஆயிற்று.

மார்ச் 6, வியாழன்

லோடு குறைவு. மத்தியானம் முழுக்க வீடியோ பார்த்தேன், கம்ப்யூட்டர் வாங்குவது பற்றி. வண்டி ஓட்டுகிற கேம், விமானம் ஓட்டுகிற கேம், விவசாயம் செய்கிற கேம், எல்லாவற்றுக்கும் சேர்த்து சிமுலேஷன் என்று பெயராம். பட்ஜெட்டில் வாங்க ஆயிரம் பேர் ஆயிரம் சொல்கிறார்கள்.

குறித்துக்கொண்டது:
லேப்டாப் வேண்டாம். சூடாகும், பின்னால் எதையும் மாற்ற முடியாது.
ரேம் 16. எட்டு போதும் என்பவனை நம்பாதே.
ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டி.
முதலில் பிராசசரா, கிராபிக்ஸ் கார்டா? ஒருத்தர் இது என்கிறார், ஒருத்தர் அது என்கிறார். கடையில் கேட்க.
பால் கார்டு புதுப்பிக்க.

என் அண்ணன் போன் செய்தான். சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். “வேலைக்குப் போவாம குந்தினு இருக்கறவருக்கு கேம் கம்ப்யூட்டரா? ஒனக்கு புத்தி கெட்டுப் போச்சா?” என்றான். நியாயமான கேள்விதான். வைத்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

பாண்டிச்சேரி. பஸ்ஸில் வழி முழுக்க இவர் வலது ஓரம். இடது பக்கம் என்னை உட்கார விடவில்லை. அங்கே என் பையை வைத்துக்கொண்டார்.

கடைக்காரர் நல்ல மனுஷன். “பசங்களுக்காம்மா? சுடற கேமா?”

“வீட்டுக்காரருக்குங்க. லாரி ஓட்டறது.”

சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எழுந்து வந்திருப்பேன். பொறுமையாக விளக்கினார். சுடுகிற கேம் என்றால் கார்டுக்குத்தான் காசு போக வேண்டும். இது வேறு. போகப் போக ரோடு, ஊர், எதிர் வண்டி எல்லாவற்றையும் உடனுக்குடன் உண்டாக்க வேண்டும், அதனால் பிராசசர் நன்றாக இருக்க வேண்டும், கார்டு நடுத்தரம் போதும். பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க என்றார். எந்த ஊர் என்று கேட்டவர், மரக்காணம் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

“உப்புக்காத்தாச்சே. போர்டு சீக்கிரம் பச்ச பூத்துரும். வாரத்துக்கு ரெண்டு மூணு நாளாச்சும் ஓட்டுங்க. சும்மா வெச்சாத்தான் கெட்டுப் போவும்.”

ஸ்டீயரிங் காட்டியபோதுதான் இவர் எழுந்து வந்தார். கையில் வாங்கித் திருப்பினார். அரை வட்டம்கூட வரவில்லை, நின்றுவிட்டது. கீழே ரெண்டு பெடல்.

“கிளட்ச் எங்க?”

“இந்த மாடல்ல வராதுங்க. கிளட்சோட வேணும்னா வெல எங்கியோ போயிரும்.”

திருப்பி வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். ரோட்டுக்கு முதுகைக் காட்டி.

பெட்டி, மானிட்டர் எல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். கலர் லைட் எரிகிற பெட்டி வேண்டாம், பெரிய மானிட்டர் வேண்டாம், கார்டிலும் ஒரு படி இறக்கம். மிச்சம் ஸ்டீயரிங்குக்கு.

மார்ச் 11, செவ்வாய்

இடையஞ்சாவடியில் ஒருவர் பழைய ஸ்டீயரிங் விற்பதாகக் கடைக்காரரே விசாரித்துச் சொன்னார். அரை நாள் லீவு போட்டுப் போனேன். ஊரைக் காலி செய்துகொண்டு போகிறவர், வாசலெல்லாம் அட்டைப்பெட்டி. ஸ்டீயரிங் ரெண்டரைச் சுற்று வருகிறது. மூணு பெடல். தனியாக கியர் ராடு. தோல் கொஞ்சம் உரிந்திருக்கிறது, பரவாயில்லை.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, “காரு ஸ்பேர் பார்ட்டாம்மா?” ஆமாம் என்றேன்.

மார்ச் 13, வியாழன்

எல்லாம் வந்து மாட்டியாயிற்று. மேஜை விளிம்பில் ஸ்டீயரிங்கை முடுக்கினோம். இவர் பெடலைத் தரையில் தள்ளித் தள்ளி இடம் பார்த்தார். ஒரு பழைய ரப்பர் பாய் கொண்டுவந்து அடியில் போட்டார். ஏதோ ஒரு வேலை செய்கிறவரின் முகம். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கேம் திறந்தது. வெளிநாட்டு லாரி. ஸ்டீயரிங் இடது பக்கம்.

இவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். நாற்காலி சாய்ந்து விழுந்தது.

“இது அந்தோணி அண்ணன் ஒக்கார்ற எடம்.”

“அந்த ஊர் வண்டிங்க, அதான் அப்டி. மாத்தலாம்.”

“நான் இதுல ஒக்கார மாட்டேன்.”

தேடித் தேடி ஒரு வழியாக வலது பக்க ஸ்டீயரிங் உள்ள வண்டியைக் கண்டுபிடித்தேன். அவர் சமையலறை வாசலிலேயே நின்று, “மாத்திட்டியா? மாத்திட்டியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாற்றிய பிறகு வந்து உட்கார்ந்தார். சாவி போட்டார். எஞ்சின் சத்தம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் கியர். தடுமாறவில்லை. கொஞ்ச தூரம் ஓட்டி, ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்குகிற மாதிரி எழுந்துபோய் முகம் கழுவினார்.

மார்ச் 17, திங்கள்

தினமும் ஓட்டுகிறார். நன்றாகச் சாப்பிடுகிறார். லாரி முதலாளியிடம் பேசிப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். வண்டி எடுக்கச் சொல்லி அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

இன்று எடைமேடையில் மின்சாரம் இல்லை, சீக்கிரம் வந்துவிட்டேன். கதவு சாத்தியிருந்தது. திறந்தால் திரை முழுக்க வெள்ளை. கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்தேன். கெடவில்லை. பனி. அவராகவே பனி வைத்திருக்கிறார். விடிகிற நேரம், முழு லோடு. வெள்ளையிலிருந்து ஒரு வளைவு வருகிறது, பிரேக் அடிக்கிறார், லாரி குலுங்கி நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து. அதே வளைவு. பிரேக். மறுபடி.

நான் வந்தது தெரியவில்லை. சத்தமில்லாமல் வெளியே வந்து துணி மடித்தேன். மடித்த துணியையே மடித்தேன்.

விபத்து நடந்த அன்றைக்கும் இப்படித்தான். கழுவெளி ஏரிப் பக்கமிருந்து பனி ஏறி ரோட்டை மூடியிருந்தது. வளைவைத் தாண்டி லைட் இல்லாமல் ஒரு டிராக்டர் நின்றது. டிரெய்லரில் சவுக்குக் கட்டை, பின்னால் நீட்டிக்கொண்டு. இவர் பக்கம் ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் இடது பக்கம்.

போலீஸ் உங்க மேல தப்பு இல்லை என்றது. முதலாளியும் அதையே சொன்னார். கேஸும் முடிந்தது.

மார்ச் 19, புதன்

கேட்டுவிட்டேன். “எதுக்குங்க தெனம் அதே பனி?”

திரையைப் பார்த்தபடியே சொன்னார். “நாப்பதுல வந்தா நிக்கிது. நாப்பத்தஞ்சுல வந்தா நிக்கல. எத்தினி தபா பாத்தாலும் அதான்.”

“அன்னிக்கி எவ்ளோல வந்தீங்க?”

பெடலிலிருந்து காலை எடுத்தார்.

“தெரியல புவனா. அந்த வண்டியில மீட்டரே ஓடாது. மொதலாளிகிட்ட சொல்லிக்கினே இருந்தோம். நானும் சொன்னேன், அண்ணனும் சொன்னாரு.”

தெரியாது. எத்தனை தடவை ஓட்டினாலும் தெரியப்போவதில்லை. இதற்காகவா மூணு பெடல் தேடி இடையஞ்சாவடி வரை போனேன்.

பேசாமல் விற்றுவிடலாம். இல்லை, பிடுங்கிப் பரணில் போடலாம்.

பிடுங்கவில்லை. விபத்தைப் பற்றி அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

மார்ச் 21, வெள்ளி

தெருக் குழாயில் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது: “கூட வந்தவன் மண்ணுக்குள்ள போயிட்டான், இவன் கேம் ஆடினு கீறான்.” நான் நிற்பது தெரிந்துதான் சொன்னாள். குடத்தைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்தப் பேச்சு மேரி அக்கா காதுக்குப் போகாமல் இருக்குமா? அந்தோணி அண்ணன் பெண்சாதி. உப்பளத்தில் கூலி. காரியம் முடிந்த பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. நாங்களும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

மார்ச் 23, ஞாயிறு

மேரி அக்கா வந்துவிட்டார்.

கோயில் முடிந்து நேராக. வெள்ளைச் சேலை, தலையில் முக்காடு. தவக்காலம், கவுச்சி சாப்பிட மாட்டார். நல்லவேளை, கத்திரிக்காய் காரக்குழம்புதான் வைத்திருந்தேன். குழம்பைப் பற்றி எதற்கு யோசித்தேன்? பயம்.

“சேகரு எங்க?”

இவர் ஸ்டீயரிங் முன்னால் அப்படியே உறைந்துபோயிருந்தார். திரையில் பனி. அக்கா உள்ளே வந்து நின்று பார்த்தார். திட்டுவார், ஸ்டீயரிங்கைப் பிடுங்கி எறிவார் என்று காத்திருந்தேன். எறிந்தால் தடுக்கக் கூடாது என்று முடிவும் செய்துவிட்டேன்.

“அவரு ஒக்கார்ற எடம் எங்க, காட்டு.”

இவர் ஏதோ பட்டனை அழுத்தினார். திரை இடது பக்கம் திரும்பியது. காலி சீட். அதற்கு அப்பால் ஜன்னல், வெள்ளை.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

“அன்னிக்கி தூங்கினு இருந்தாரா?”

“இல்லக்கா. முழிச்சினுதான் இருந்தாரு. பேசினு வந்தாரு.”

“இன்னா பேசினாரு? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல சேகரு. போலீஸ்காரங்க வண்டியப் பத்தி சொன்னாங்க, டாக்டரு ஒடம்பப் பத்தி சொன்னாரு. அவரு இன்னா பேசினாருன்னு யாரும் சொல்லல.”

இவர் தலையைத் தூக்கவே இல்லை. “ஒன்னப் பத்திதாங்கா.”

“மறைக்காத சொல்லு.”

“உப்பளத்துல வேல செய்யறவ, கொழம்புல உப்பு போட மறந்துட்டா பாருடா. இத நான் எங்கடா போயி சொல்லுவேன்னாரு. நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு.” அதோடு நின்றுவிட்டார். “அவ்ளோதாங்கா. அப்பறம்தான்.”

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“போட்டேன்யா. அன்னிக்கும் போட்டேன். அவருக்கு எப்பவும் பத்தாது.”

சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு சத்தமாகிவிட்டது. முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். இவரும் அழுதார். ஒரு வருஷத்துக்குப் பிறகு. நான் அடுப்படியில் நின்றேன், குழம்பு அடிப்பிடித்தது.

மார்ச் 24, திங்கள்

நீல லாரி வந்தது. சீட்டு அடித்தேன். வீட்டுக்குப் போய் இவரிடம் சொன்னேன், அது தினமும் வருகிறது என்று.

“மீட்டரு மாத்திட்டானா?”

தெரியாது என்றேன்.

“கேளு. மாத்தலன்னா அந்த ஆளுகிட்ட வண்டிய எடுக்காதன்னு சொல்லு.”

மார்ச் 25, செவ்வாய்

கேட்டேன். மாற்றிவிட்டார்களாம். சொன்னேன். தலையாட்டினார். மறுபடி அந்தப் பனிக்குள் போய்விட்டார்.

மார்ச் 30, ஞாயிறு

வெயில், புழுக்கம். மேரி அக்கா மறுபடி. தான் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம்.

“எனக்கு சைக்கிளே தெரியாது, சிரிக்காத.”

யாரும் சிரிக்கவில்லை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார். உப்புத் தண்ணீரில் வெடித்த விரல்கள். இவர் ஸ்டூலை இழுத்து அக்காவுக்கு இடது பக்கம் போட்டு உட்கார்ந்தார். அந்தோணி அண்ணன் உட்காரும் பக்கம். அவர் யோசித்துச் செய்த மாதிரி தெரியவில்லை.

“கிளட்ச முழுசா மிதிக்கா. இப்ப மெல்ல விடு. மெல்ல, மெல்ல.”

மூணு தடவை எஞ்சின் அணைந்தது. நாலாவது தடவை வண்டி நகர்ந்தது. திரையில் அதே பனி, இவர் மாற்றியிருக்கவில்லை. கொஞ்ச தூரம்தான். எதிரே வந்த காரில் நேராக மோதிவிட்டார்.

கேமில் வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“உள்ள இருந்தவங்களுக்கு இன்னா ஆச்சி?” என்றார் அக்கா.

“இதுல ஆளுங்க கெடையாதுக்கா. எல்லாம் வெத்து வண்டி.”

“நெசமாவா?”

“நெசமாதான். நானும் உத்து உத்துப் பாத்துட்டேன். ஒருத்தரும் இல்ல.”

அக்கா அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டீயரிங்கைச் சரியாகப் பிடித்தார்.

“எடு, இன்னொரு தபா போவலாம். எனக்கு இந்தப் பனியில ஒண்ணும் தெரியல. முன்னாடி இன்னா வருதுன்னு நீ பாத்துச் சொல்லு.”

இவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். சொல்ல ஆரம்பித்தார். இதை எழுதும்போதும் அந்தக் குரல் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

“ஒரு வளைவு வருதுக்கா, வேகத்தக் கொற. லெப்ட்ல பள்ளம், வலிச்சிப் புடி. எதுர்ல யாரும் இல்ல. வா.”