கயிற்றைத் தாண்டி வந்த விருந்தாளி

தெர்மெஸ், ஜூன்

அன்புள்ள அம்மாவுக்கு மகள் நுர்சாத்தின் சலாம்.

முழங்கால் வலி தேவலையா? நம் ஊர் நாரினில் பனி உருகிவிட்டதா? இங்கே தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மற்றபடி நானும் அவரும் சௌக்கியம்.

வெயில் ஊரில் பூச்சியெல்லாம் விரல் நீளம் இருக்குமென்று பயந்து நீங்கள் கொடுத்தனுப்பிய ஆட்டுமயிர்க் கயிற்றைக் கட்டிலைச் சுற்றிப் போட்டுத்தான் தூங்குகிறேன். தேளும் சிலந்தியும் அதைத் தாண்டவில்லை. ஆனால் பறந்து வருவதைப் பற்றி நாம் யோசிக்கவே இல்லையே! நேற்று மாலை பச்சையாக ஒன்று ஜன்னல் வழியே பறந்து வந்து, என் தலையணையில் உட்கார்ந்து, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. மேசைமேல் ஏறி நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஹோசியத் அக்கா பூரிக்கட்டையோடு ஓடி வந்தார். அது வெறும் கும்பிடுபூச்சி என்று பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“அட பயந்தாங்கொள்ளி! இது தொட்டிலாட்டிப் பூச்சிடி. எப்படி ஆடுது பாரு! இத அடிக்கவே கூடாது. மொதல்ல நீ கீழ எறங்கு. இந்த நேரத்துல மேசைமேல ஏறலாமா?”

“எந்த நேரத்துல அக்கா?”

“கொஞ்ச நாளா எங்க வீட்டு ஊறுகா ஜாடியக் காலி பண்றியே, எனக்குத் தெரியாதா?”

பூச்சி இன்னும் திரைச்சீலையில்தான் இருக்கிறது. நான் விரட்டவில்லை.

காய்ந்த தயிர் உருண்டை கொஞ்சம் அனுப்புங்கள், நன்றாகப் புளித்ததாக. இங்கே கிடைப்பதில் நம் வீட்டு வாசனை இல்லை.

அவர் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கக் கிளம்பி வாசலில் நின்று கத்துகிறார். அவருக்கு இன்னும் பூச்சிக் கதை மட்டும்தான் தெரியும். கயிறு இனி வேண்டாம் அம்மா. குளிர் தொடங்கும்போது பரணில் இருக்கும் என் தொட்டிலைத் துடைத்து எடுத்துக்கொண்டு நீங்களே வாருங்கள். முதல் தொட்டில் தாய்வீட்டிலிருந்துதானே வர வேண்டும்!

நுர்சாத்