கொண்டல் அடங்கட்டும் என்றார்கள்

இன்று காலையில் எங்கள் படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டு, குங்கிலியத்தையும் எண்ணெயையும் சட்டியில் போட்டுக் கீல் காய்ச்சினார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், ஆய்ந்துகொண்டிருந்த எறாவைக் கூடையோடு தள்ளி வைத்துவிட்டேன். மற்றவர்களுக்கு அது படகு பழுதுபார்க்கிற வாசனை. எனக்கு அது நீ வருகிற வாசனை. கோட்டை வெள்ளைக்காரத் தச்சனைக் கட்டிக்கொண்டு நீ கோட்டைப் பக்கம் குடிபோன பிறகு, ஏரிக்கரைச் சேற்றோரமாக நடந்து என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன் சேலையில் அதுதான் மணக்கும். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாலும் கீல் நாற்றம்தான் உனக்கு முன்னால் வாசலுக்கு வருகிறது என்று நான் கேலி செய்வேன். மீன் நாற்றத்துக்கு இது தேவலாம் என்று நீ திருப்பிக் கொடுப்பாய்.

எனக்கு எழுதத் தெரியாது. உனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் இந்த மடலுக்கு ஓலையும் வேண்டாம், எழுத்தாணியும் வேண்டாம். எறா ஆய்ந்தபடியே மனதுக்குள் சொல்லிக்கொண்டு போகிறேன். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. இத்தனை நாள் உன்னோடு பேசாமல் தள்ளிப் போட்டதற்குக் காரணம் உண்டு. பேச ஆரம்பித்தால் நீ உன் பெண்ணைப் பற்றித்தான் முதலில் கேட்பாய். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

கொஞ்சம் சுற்றிவிட்டு அதற்கு வருகிறேன். பொறுத்துக்கொள்.

நாம் விளையாடிய விளையாட்டுகளில் பாடு விளையாட்டு மாதிரி எனக்கு எதுவும் நினைவில் ஒட்டவில்லை. உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன். சொன்னால்தான் மனசு ஆறுகிறது. ஏரி பெரிதுதான், ஆனால் வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். ஆளுக்கு ஆள் அடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் நம் ஊரில் பாடு போடுகிறார்கள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஓர் அடையாளம் பானைக்குள் போகும். கையை விட்டு ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்பது தீர்ந்துவிடும். கங்கையம்மன் கோயில் முன்னால் அது நடக்கும்போது பெண்பிள்ளைகள் பானைப் பக்கமே போகக் கூடாது. போகக் கூடாது என்று சொன்னால் உனக்கு அது போதுமே.

கவிழ்த்த படகுகளுக்குப் பின்னால், வாயுடைந்த ஒரு சட்டியை வைத்து, உன் நைனா மாதிரி நீயே ஊர்ப் பெரியதனமாக உட்கார்ந்து எங்களுக்குப் பாடு போடுவாய். மட்டி பொறுக்குகிற சேற்றுத் திட்டுகள்தான் நமக்கு ஏரி. யாருக்கு எந்தத் திட்டு விழுகிறதோ அன்றைக்கு அது அவளுக்கு. மற்றவள் கால் வைக்கக் கூடாது. எனக்கு அடையாளம் ஒரு நண்டுக் கால். உனக்கு, கோட்டைக் குப்பையில் பொறுக்கிய நீலப்பூப் போட்ட பீங்கான் துண்டு. நல்ல திட்டு எப்போதும் உனக்கே விழுந்தது. சட்டிக்குள் கையை விட்டால் பீங்கான் வழவழவென்று தட்டுப்படும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுதும் ஆயிற்று. சண்டைக்கு வந்தால் உடனே ஒரு பழமொழியைக் கட்டிவிடுவாய்: "பாடு வரலன்னா வலையக் காயப் போடு, மூஞ்சியத் தொங்கப் போடாத." கள்ளத்தனம் செய்தவளே ஆறுதலும் சொன்னால் எப்படியிருக்கும்? எனக்கு அழுகை வருவதற்குப் பதில் சிரிப்பு வந்துவிடும்.

மட்டி பொறுக்கி முடித்துவிட்டு முகத்துவாரத்துக்கு ஓடுவோம். கோட்டைக்காரர்களின் கப்பல்கள் உள்ளே வர முடியாமல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். துணி மூட்டைகளை நம் ஆட்கள் படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மூட்டைகள் மட்டுமா? சில வருஷம் பஞ்சத்தில் அடிபட்ட மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள். ஒரு முறை நம் வயதுப் பெண் ஒருத்தி படகுக்குள் உட்கார்ந்துகொண்டு நம்மையே பார்த்துக்கொண்டு போனாள். அன்றைக்கு நீ வீடு வரைக்கும் திரும்பித் திரும்பிக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தாய்.

அப்படிப்பட்டவள் போய்க் கோட்டைக்காரனையே கட்டிக்கொண்டாய் என்று ஊர் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. உன் தச்சன் மூட்டை ஏற்றுகிறவர் இல்லை. உளியும் இழைப்புளியுமாக நம் கரைக்கு வந்து படகுக்குப் பலகை மாற்றிக் கொடுத்தவர். நீ அவருக்குத் தண்ணீர் கொண்டுபோனாய், அவர் உனக்குச் சிப்பி வைக்க ஒரு மரப்பெட்டி செய்து கொடுத்தார், அவ்வளவுதான் ஆரம்பம். ஆனால் உன் நைனா ஊருக்குப் பெரியதனம். ஊர் வழக்கைக் காப்பாற்ற வேண்டியவர் வீட்டிலேயே வழக்கு உடைந்தது. அன்றிலிருந்து அவர் உன் பெயரை எடுக்கவில்லை. பிள்ளைகள் எத்தனை என்று யாராவது கேட்டால் ஒரு பையன் என்பார்.

உனக்குக் காய்ச்சல் கண்டபோதும் அவர் வரவில்லை. நான்தான் கஞ்சி வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். உன் பெண் செவத்தா கட்டிலுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நீ என் கையைப் பிடித்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "என் பொண்ண கப்பல் ஏத்த வுடாதடி." நான் சத்தியம் பண்ணினேன். மறுநாள் உன்னைக் கோட்டைக்காரர்களின் இடுகாட்டில் வைத்தார்கள். பெரிய துரைமார்களுக்கு அங்கே மண்டையோடு செதுக்கிய கல். உனக்குச் சுண்ணாம்பு பூசிய ஒரு மேடு. நம் ஊரிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு செவத்தா பகலெல்லாம் என் வீட்டில்தான். உன் தச்சன் விடியற்காலையில் கொண்டுவந்து விடுவார். வேலை முடிந்து வந்து கூட்டிக்கொண்டு போவார். என் பையன்களோடு சேற்றில் உருண்டு, முடி செம்பட்டையாக, வாய் மட்டும் அசல் நீயாக வளர்ந்தாள். எனக்கு அது போதும் என்றிருந்தது.

போன வருஷம் கோட்டை வேலையெல்லாம் நாகப்பட்டினத்துக்குப் போகிறது என்று பேச்சு வந்தது. உன் தச்சனுக்கும் உத்தரவு வந்தது. அங்கிருந்து எந்தத் தீவுக்கு அனுப்புவார்களோ அவருக்கே தெரியாது. அவர் நல்ல மனிதர், நேராக ஊருக்கு வந்து பெரியவர்கள் முன்னால் நின்றார். அவருடைய உடைந்த தமிழில் சொன்னது எல்லோருக்கும் விளங்கியது: "ஊர் வச்சிக்கும் சொன்னா, விட்டுப் போறேன். சொல்லலன்னா, என்னோட வரும். அனாதையா விடமாட்டேன்." என் வீட்டுக்காரர் எழுந்து, நாங்கள் வளர்க்கிறோம் என்றார். ஆனால் நம் ஊர் வழக்கு உனக்குத் தெரியும். தலைக்கட்டில் சேராத பிள்ளைக்கு நாளைக்குக் கல்யாணமும் இல்லை, சாவுக்குத் தோள் கொடுக்க ஆளும் இல்லை. சேர்ப்பதாக இருந்தால் தாய்வீட்டுக்காரர் வாயால் சொல்ல வேண்டும். எல்லோரும் உன் நைனாவைப் பார்த்தார்கள்.

அவர் செவத்தாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் என் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள், நீ செய்வாயே, அதே மாதிரி. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் வழக்கு வழக்குதான் அவருக்கு. தலைக்கட்டில் ஆள் சேர்ப்பதும் கழிப்பதும் பாடு போடுகிற நாளில்தான், முழு ஊரும் கூடி இருக்கும்போது. அன்றைக்குச் சொல்கிறேன் என்றார். அதற்குள் இவர் கிளம்பிவிட்டால் என்ன செய்வது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். உன் நைனா கடல் பக்கம் கையைக் காட்டினார். கொண்டல் காற்று சீறிக்கொண்டிருந்தது.

"கொண்டல் அடங்கட்டும்பா. இந்தக் காத்துல எவன் கப்பலுக்குப் போவான்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான். முகத்துவாரத்தில் அலை மடங்கி மடங்கி விழுந்துகொண்டிருக்கும்போது நம் ஆட்கள் துணையில்லாமல் ஒரு வெள்ளைக்காரன் வெளியே போய்விட முடியுமா? உன் தச்சன் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அவர் கேட்ட கேள்விக்கு ஆமாம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை.

அந்த நாட்களில் நான் செய்ததைக் கேள். கொண்டல் அடித்தால் படகு போகாது, உலை வைக்க மீன் இருக்காது. மற்ற நாளில் அதைத் திட்டாத வாய் நம் ஊரில் உண்டா? நான் கங்கையம்மனிடம் போய், காற்று நிற்கக் கூடாது தாயே என்று வேண்டிக்கொண்டேன். காலையும் மாலையும் முகத்துவாரத்து மணலில் போய் உட்கார்ந்து காவல் இருந்தேன். செவத்தா இரண்டு நாளாக வரவில்லை. தூறலும் காற்றுமாக இருக்கிறது, தகப்பன் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். உனக்குக் கொடுத்த வாக்கைக் கண்ணுக்கு எதிரே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது, வெட்கக்கேடு.

பாடு போடும் நாள் வந்தது. பெண்கள் தூரத்தில் நின்றோம். பானையில் முதல் அடையாளம் போடுவதற்கு முன்னால் உன் நைனா எழுந்து நின்றார். உன் பெயரைச் சொன்னார். ஊர் முழுக்கக் கேட்கும்படி, தன் பெயரோடு சேர்த்துச் சொன்னார். "அவ பெத்தது என் வூட்டுத் தலைக்கட்டு. இதுக்கு மேல பேச்சு இல்ல." ஒருவரும் மறுக்கவில்லை. நான் அங்கே நின்று அழாமல், உன் பெண்ணைக் கூட்டிவரக் கோட்டைப் பக்கம் ஓடினேன்.

வீடு திறந்து கிடந்தது. பெருக்கி வைத்திருந்தது. அடுத்த வீட்டு மரக்காயர் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார்கள். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு பொன்னேரி வழியாகப் போய்விட்டார்கள், முந்தாநாளே. நாகப்பட்டினம் வரைக்கும் தரை வழிதானாம்.

"உன் வூட்டாண்ட வந்து ரொம்ப நேரம் நின்னாங்களாமே. நீ இல்லியாமே."

நான் எப்படி இருப்பேன்? நான் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடலில் வந்தவர்கள் கடலில்தான் போவார்கள் என்று நம் ஊரில் ஒருவருக்குக்கூட வேறு யோசனை தோன்றவில்லை. தரை வழி என்றால் நமக்குக் கருவாடு விற்கப் போகிற வழி, அவ்வளவுதான். வயல்காரர்கள் ஊராக இருந்தால் முதலில் வண்டியைத்தான் மறித்திருப்பார்கள்.

அன்றைக்கு உன் நைனாவுக்கு நல்ல பாடு விழுந்தது. அவர் வலை எடுக்கவில்லை. இப்போதெல்லாம் பெரியதனத்தைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு ஒதுங்கிவிட்டார். யாராவது பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் இரண்டு என்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. காற்று மாறிய பிறகு, கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நெல்லுக்கு மாற்றிவர அனுப்பம்பட்டுப் பக்கம் போனேன். அங்கே வயல்காரர் வீட்டு அம்மா ஒருத்தி, வாடிக்கையாக வாங்குகிறவள், ஊர்க்கதை பேசினாள். கொஞ்ச நாளுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரன் வண்டி அவள் வீட்டு வாசலில் நின்றதாம். செம்பட்டை முடியோடு ஒரு பெண் குழந்தை இறங்கித் தண்ணீர் கேட்டதாம். அச்சு அசலாக நம் பேச்சுப் பேசுகிறதே என்று இவள் ஆச்சரியப்பட்டு, யாருடைய பெண் என்று கேட்டாளாம். பழவேற்காட்டுக் கன்னியம்மா பெண் என்றதாம். உன் பெயர் இல்லை, என் பெயர். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரன் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தானாம். இல்லை என்று சொல்லவில்லையாம்.

செவத்தா என்னை ஒரு நாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள். நீ கேட்டுக்கொண்டிருப்பாய் என்று நானும் அதற்கு ஆசைப்பட்டதில்லை.

வயல்காரம்மா அதோடு விடவில்லை. "பெத்த பொண்ண வண்டியேத்தி அனுப்பிட்டு ஊட்ல குந்தினு இருக்கறாளே, இன்னா பொம்பள அவ? உனக்குத் தெரியுமா அவள?"

அந்த ஊரில் என்னைக் கருவாட்டுக்காரி என்றுதான் தெரியும், பெயர் தெரியாது. தெரியாதும்மா என்று சொல்லிவிட்டு நெல்லை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். இல்லை, நடந்ததையெல்லாம் உன் பெயரைச் சொல்லி விளக்கியிருக்கலாம்; அவளும் ஐயோ பாவம் என்றிருப்பாள். குழந்தை சொன்னதைப் பொய்யாக்க எனக்கு மனசு வரவில்லை. "நான்தாம்மா அந்தக் கன்னியம்மா" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நெல்லைக் கூடையில் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போதும் அந்த வழியாகத்தான் போகிறேன். என் குரல் கேட்டதும் அவள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாத்திக்கொள்ளட்டும். உன்னிடம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் பெண் என்னை அம்மா என்று சொல்லிவிட்டுப் போன வாசல் அது ஒன்றுதான்.