வெட்டி எடுத்த மூச்சு

உனக்குப் போய்ச் சேராது என்று தெரிந்தும் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். நேரில் பேசவே தயங்குகிறவள் நான். இன்று காலை, நீ என்னிடம் விட்டுப்போன கேசட்டைத் திறந்தபோது பூஞ்சை நாற்றம் அடித்தது. நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். இந்த ஊர் மழையில் எதை மூடி வைத்தும் பயனில்லை.

வலியசாலையில் உன் மாடி அறையில் நீ பாடும் ஒவ்வொரு பாட்டையும் இரண்டு தடவை பதிவு செய்வோம். ஒன்று உன் டேப்ரிக்கார்டரில், ஒன்று என் லேப்டாப்பில். பிறகு இரண்டையும் போட்டுக் கேட்டுச் சண்டை போடுவோம். நான் பழவங்காடிக் கடையில் பொட்டலம் கட்டுகிறவரின் மகள், வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள். கம்ப்யூட்டர் தெரியும் என்பது ஒன்றுதான் எனக்கிருந்த பெருமை. கேசட்டின் இரைச்சல் எனக்குப் பொறுக்காது. திரையில் ஒலி அலைகளைப் பெரிதாக்கி, வரிகளுக்கு இடையே நீ மூச்செடுக்கும் இடங்களை ஒவ்வொன்றாக வெட்டினேன்.

"மூச்சையெல்லாம் எடுத்துட்டியாடீ? அப்போ பாடினது ஆரு, பேயா?" என்றாய்.

"கேக்க நல்லாத்தானே இருக்கு?"

"டேப்புலதான் நான் உயிரோட இருக்கேன், கேட்டோ. உன் பொட்டியில இல்லை."

சிரித்தோம். வெட்டியதையே பழைய பதிவின் மேல் சேமித்தேன்; வெட்டாதது அழிந்துபோயிற்று. எல்லாப் பாட்டையும் அப்படித்தான் செய்தேன்.

நீ இறந்த பிறகு அவற்றை உன் அம்மாவுக்குக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டார். "நன்னாத்தான் இருக்கு. ஆனா அவ மாதிரி இல்லையேம்மா" என்றார். ஏன் என்று நான் சொல்லவில்லை. கேசட் ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து அவர் அதற்காகக் காத்திருந்தார்.

சாலைக் கடைத்தெருவில் பழுது பார்ப்பவர் நாடாவைத் துடைத்துக் கொடுத்தார். "ஒரு தடவ ஓடும், மோளே. பின்னே ஓடும்னு ஞான் சொல்ல மாட்டேன்."

மதியம் உன் டேப்ரிக்கார்டரை லேப்டாப்போடு இணைத்து, உன் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓடவிட்டேன். இரைச்சல். அதற்குள் நீ மூச்சை இழுப்பது கேட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் சொல் வருவதற்குள் நாடா சிக்கி அறுந்தது. ஒட்டப் பார்த்தேன், தொட்ட இடமெல்லாம் பழுப்புப் பொடியாக உதிர்ந்தது.

அப்போதுதான் சொன்னேன், கம்ப்யூட்டரில் உன் மூச்சை வெட்டியது நான் என்று.

"விடும்மா. நன்னா இருக்கணும்னுதானே பண்ணினே" என்று அவர் என் தலையைத் தடவினார்.

லேப்டாப்பில் இப்போது இரைச்சலும் அந்த ஒரு மூச்சும் இருக்கின்றன. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அதில் நான் கை வைக்கப்போவதில்லை.

கேட்க வந்ததை இப்போது கேட்கிறேன். யாரும் என்னைத் திட்டவில்லை. நீயாவது ஒரு தடவை திட்டேன்.