ஸ்பீக்கரில் வாயாடி

அன்புள்ள வாயாடிக்கு,

புகார்ப் பிரிவிலிருந்து அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினால் பொய். நீ சுகமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். முன்பு போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. உன் நம்பருக்கு அடித்தால் மணி மட்டும் போகிறது. உன் அண்ணன் வீட்டு விலாசத்தைச் சரியாகத்தான் எழுதினேனா என்று நாலு தடவை பார்த்துவிட்டேன்.

முதலில் ஆபீஸ் சேதி. தண்ணீர் வரவில்லை, குழாய் உடைந்துவிட்டது என்று வருகிற ஃபோன்களையெல்லாம் இப்போது மிஷின்தான் எடுக்கிறது, உன் குரலில். அதற்குப் புரியாதவை மட்டும் எங்கள் ஆறு பேருக்கு வருகின்றன. மிஷின் பேசுவதைச் சரிபார்ப்பதற்காக ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். நாள் முழுக்க நீ பேசிக்கொண்டே இருக்கிறாய். முன்பெல்லாம் நீ பேசினால் காதைப் பொத்திக்கொண்டு வேலை பார்த்தவர்கள், இப்போது வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த மாற்றத்துக்கு எல்லோரையும் பழக்குகிற பொறுப்பை மேனேஜர் என் தலையில் கட்டிவிட்டார். தினமும் காலையில் அரை மணி நேரம் வட்டமாக உட்கார்ந்து மனசில் இருப்பதைப் பேச வேண்டுமாம். முதல் நாள் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் நம் ஒல்லிதான், அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவளைப் பற்றி எப்படி அக்கா பேசுவது என்றாள். ஸ்பீக்கரை அணைத்தேன். அப்படியும் குசுகுசுவென்றுதான் பேசினார்கள். பெரியவர், எதற்கும் அசையாத மனுஷன், வேலை போனால் போகட்டும், அந்தப் பெண் வீட்டில் பேசுகிறாளா என்று மட்டும் விசாரித்துச் சொல்லம்மா என்றார். அதிலிருந்து எல்லோருக்கும் அதே கேள்விதான்.

ஏன் கேட்டார் என்று உனக்குத் தெரியும். மிஷினுக்குக் குரல் பதிவு செய்ய, கண்ணாடி அறையில் ஒன்பது நாள் தாள் தாளாக வாசித்து முடித்து வெளியே வந்தாயே, அன்று யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றேன். தலையை மட்டும் ஆட்டினாய். தொண்டை கட்டியிருக்கும் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். உன்னை வாசிக்கச் சொன்னதே நான்தான். உன் குரலைக் கொடுத்தால் நம் பிரிவை மூட மாட்டார்கள் என்று கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன வாரம் ஒல்லி வீட்டில் தண்ணீர் வராமல் அவளே ஃபோன் பண்ணியிருக்கிறாள். மிஷின் புகாரைக் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லி, அப்புறம் அப்பாடா என்று பெருமூச்சு விட்டதாம், நீ ஹெட்ஃபோனைக் கழற்றும்போது விடுவாயே, அதேபோல. மிஷினைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியரிடம் கேட்டேன். நீ வாசித்த தாள்களை ஒன்றுவிடாமல் புரட்டிக் காட்டினார். அந்த வார்த்தை எதிலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், உன் ஃபோன் வந்தது. நன்றாக இருக்கிறேன் அக்கா, யாரும் கவலைப்பட வேண்டாம், எல்லோரும் ஒத்துழைத்துப் போங்கள் என்றாய். நான் அழுதேன். அழுது முடிக்கும்வரை நீ குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து வருஷத்தில் என்னை ஒரு வாக்கியம் முழுசாகப் பேச விட்டிருக்கிறாயா நீ? சந்தோஷத்தில் அப்போது உறைக்கவில்லை. ஃபோனை வைத்த பிறகுதான், பேசியது நீதானா என்று தோன்றியது.

இந்த ஃபோனைப் பற்றி வீட்டில்கூட நான் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் மேனேஜர் என்னைப் பார்த்ததுமே, அதுதான் பேசிவிட்டாளே, இனி நிம்மதிதானே, மற்றவர்களிடமும் சொல்லிவிடுங்கள் என்றார். வட்டத்தில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ பேசினாய் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பேசவில்லை என்று சொல்லவும் பயமாக இருந்தது.

அதனால் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஃபோன் மட்டும் பண்ணாதே, வந்தாலும் எடுக்க மாட்டேன். ஒரு தாளில் கோழி கிண்டினதுபோன்ற உன் கையெழுத்தில் நாலு வரி போடு. என்னைத் திட்டியே எழுது, வாங்கிக்கொள்கிறேன். பேச முடியவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுது. லீவு போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பேன். யார் பேச்சையும் கேட்காமல், வாய் ஓயாமல், நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
அக்கா